காணாமல் நம்புவது: அடையாளம் கேட்ட தோமாவும் கேட்க மறுத்த ஆகாசும்

"காணாதிருந்தும் விசுவாசிக்கிறவர்கள் பாக்கியவான்கள்" (யோவான் 20:29) என்ற வசனத்தை நம் சபைகளில் இரண்டு இடங்களில் அதிகம் கேட்கலாம். ஒன்று, துக்க வீட்டில் ஆறுதலுக்காகச் சொல்வது. மற்றொன்று, கேள்வி கேட்கும் வாலிபனை உட்காரச் சொல்வதற்காக எடுப்பது. முதலாவது அந்த வசனத்துக்குப் பொருந்தும். இரண்டாவது, அந்த வசனம் நிற்கும் அதிகாரத்தை முழுதாக வாசிக்காததால் வரும் பிழை. ஆதாரம் கேளாத விசுவாசம் என்றால் ஆதாரமே இல்லாத விசுவாசம் என்று வேதம் எங்கும் சொல்லவில்லை. கடவுளுக்கு நிபந்தனை போடாதே என்கிறது. மனிதர் சொல்வதைச் சோதித்துப் பார் என்றும் அதே வேதம்தான் சொல்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்ளும்போது ஆத்துமாவும் கெடுகிறது, சில சமயம் உடம்பும் கெடுகிறது.

தோமாவிடமிருந்தே தொடங்கலாம். உயிர்த்தெழுந்த ஞாயிறன்று மாலை, சீஷர்கள் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டிருக்கிறார்கள். இயேசு வந்து நின்று சமாதானம் சொன்னவுடன் செய்த காரியம், தம் கைகளையும் விலாவையும் அவர்களுக்குக் காட்டியது (20:20). சீஷர்கள் சந்தோஷப்பட்டது அதற்குப் பிறகுதான். தோமா அன்று அங்கே இல்லை. காயங்களைப் பார்க்க வேண்டும் என்று அவர் பின்னால் கேட்டது, மற்றவர்களுக்குக் கேட்காமலேயே கிடைத்த ஒன்று. லூக்கா இதை இன்னும் வெளிப்படையாக எழுதுகிறார்: கல்லறையிலிருந்து வந்த பெண்கள் சொன்னது அப்போஸ்தலர்களுக்கு வீண்பேச்சாகத் தோன்றியது (24:11). இயேசு "என்னைத் தொட்டுப் பாருங்கள்" என்று சொல்லியும் போதாமல், பொரித்த மீனை வாங்கி அவர்கள் கண்முன் சாப்பிட வேண்டியிருந்தது. கலிலேயாவின் மலையில் பணிந்துகொண்டவர்களிலும் சிலர் சந்தேகப்பட்டார்கள் என்கிறார் மத்தேயு (28:17). சந்தேகம் எல்லோருக்கும் இருந்தது. பெயர் மட்டும் தோமாவுக்கு ஒட்டிக்கொண்டது.

அவர் கோழையும் அல்ல. யூதேயாவுக்குத் திரும்பினால் கல்லெறிவார்கள் என்று மற்றவர்கள் தயங்கியபோது, "அவரோடேகூட மரிக்கும்படி நாமும் போவோம் வாருங்கள்" என்றவர் தோமா (யோவான் 11:16). "நீர் போகிற இடத்தை அறியோமே, வழியை எப்படி அறிவோம்" என்று அவர் நேராகக் கேட்டதால்தான் "நானே வழியும் சத்தியமும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்ற பதில் நமக்குக் கிடைத்தது (14:5-6).

அப்படியானால் தவறு எங்கே? இரண்டு இடங்களில். ஒன்று, தன்னோடு மாதக்கணக்கில் ஒரே பாதையில் நடந்தவர்கள் "கர்த்தரைக் கண்டோம்" என்று சேர்ந்து சொன்ன சாட்சியை அவர் முழுக்கத் தள்ளிவிட்டார். இரண்டு, ஆதாரம் எந்த வடிவில் வர வேண்டும் என்பதையும் தானே தீர்மானித்தார். ஆணிகளுண்டாக்கின காயத்தில் விரல் போக வேண்டும், விலாவில் கை போக வேண்டும், அதுவரை விசுவாசிக்கவே மாட்டேன் என்றார். பார்க்க ஆசைப்பட்டது பிழையாகக் காட்டப்படவில்லை. இது நடந்தால் மட்டுமே என்று கோடு கிழித்ததுதான் பிழை.

எட்டு நாளைக்குப் பிறகு, அதாவது தொடங்கிய நாளையும் சேர்த்து எண்ணினால் அடுத்த ஞாயிறு, இயேசு மறுபடி வருகிறார். தோமா போட்ட நிபந்தனைகளை ஒவ்வொன்றாக அவரிடமே திரும்பச் சொல்லி, "செய்துகொள்" என்கிறார். தோமா தொட்டார் என்று யோவான் எழுதவில்லை. 1600-களின் தொடக்கத்தில் கரவாஜியோ வரைந்த ஓவியத்தில் விரல் காயத்துக்குள்ளேயே நுழைந்திருக்கிறது. நம் மனக்கண்ணில் நிற்பது பெரும்பாலும் அந்தக் காட்சிதான். வேதத்தில் அழைப்புக்கு அடுத்த வரியே "என் ஆண்டவரே! என் தேவனே!" என்ற அறிக்கை. இன்றும் கத்தோலிக்கர் பலர் திருப்பலியில் அப்பம் உயர்த்தப்படும்போது மனத்துக்குள் சொல்வது இந்த வார்த்தைகளைத்தான்.

ஆறாம் நூற்றாண்டுப் போப்பாண்டவர் பெரிய கிரகோரியார் இந்த இடத்தைப் பற்றிச் சொன்னது மிகக் கூர்மையானது: தோமா பார்த்தது ஒன்று, விசுவாசித்தது வேறொன்று. மனிதனைப் பார்த்தார், கடவுளை அறிக்கையிட்டார். ஆணித்தழும்பு நிரூபிப்பது இவ்வளவே: சிலுவையில் மரித்தவர் இவர், இப்போது உயிரோடிருக்கிறார். "என் தேவனே" என்ற வார்த்தைக்கு அந்தத் தழும்பில் நேரடி நிரூபணம் கிடையாது. கண்ணால் கண்டவருக்கும் அதற்கு மேல் ஓர் அடி எடுத்துவைக்க வேண்டியிருந்தது. ஆகவே அவர்கள் பார்த்ததால் அவர்களுக்குச் சுலபம், நாம் பாராததால் நமக்குக் கடினம் என்ற கணக்கு சரியல்ல.

காணாதவர்களுக்கு என்ன கொடுக்கப்பட்டது? பாக்கிய வசனத்தை அடுத்த இரண்டு வசனங்கள் அதைத்தான் சொல்கின்றன. இயேசு செய்த வேறு அநேக அடையாளங்கள் உண்டு, நீங்கள் விசுவாசிக்கும்படிக்கு இவை எழுதப்பட்டிருக்கின்றன என்கிறார் யோவான். கண்ணுக்குப் பதில் சாட்சி. இது இரண்டாந்தர ஏற்பாடு அல்ல. நம்மைப் பெற்றவர்கள் யார் என்பதையே பிறர் சொல்லித்தான் நம்புகிறோம் என்று அகஸ்டின் எழுதினார். அதை யாரும் குருட்டு நம்பிக்கை என்பதில்லை.

கேட்பதில் பல வகை

அடையாளம் கேட்டவர்கள் வேதத்தில் நிறையப் பேர். எல்லோருக்கும் ஒரே பதில் கிடைக்கவில்லை. அந்த வித்தியாசத்தைக் கவனித்தால்தான் விஷயம் விளங்கும்.

கிதியோன் கதை எல்லோருக்கும் தெரியும் (நியாயாதிபதிகள் 6). முதல் இரவு, களத்தில் போட்ட ஆட்டுத்தோல் மட்டும் பனியில் நனைய வேண்டும், தரை காய்ந்திருக்க வேண்டும். விடிந்ததும் தோலைப் பிழிந்தார், ஒரு கிண்ணம் நிறையத் தண்ணீர். மறு இரவு தலைகீழாகக் கேட்டார், அதுவும் ஆயிற்று. பலர் கவனிக்காத விஷயம், கிதியோன் இதைக் கேட்டது தேவசித்தத்தைத் தெரிந்துகொள்ள அல்ல. "நீ போ, இஸ்ரவேலை மீதியானியர் கைக்கு நீங்கலாக்கி ரட்சிப்பாய்" என்ற கட்டளை அதற்கு முன்பே வந்துவிட்டது. கன்மலையிலிருந்து அக்கினி எழும்பிய அடையாளமும் முன்பே கிடைத்துவிட்டது. தெரிந்த கட்டளைக்குக் கீழ்ப்படியத் தைரியம் போதவில்லை. "உமது கோபம் என்மேல் மூளாதிருப்பதாக" என்று அவரே கெஞ்சுகிறார். தான் செய்வது சரியில்லை என்று அவருக்கே தெரிந்திருந்தது.

கடவுள் பொறுமையாக இரண்டு முறையும் கேட்டதைக் கொடுத்தார். அடுத்த அதிகாரத்தில் என்ன செய்தார் என்று பாருங்கள். 32,000 பேர் கொண்ட படையில் பயப்படுகிறவர்கள் திரும்பிப் போகலாம் என்று சொல்லச் சொன்னார், 22,000 பேர் போய்விட்டார்கள். மீதி 10,000 பேரைத் தண்ணீரண்டையில் சோதித்து 300 ஆக்கினார். தோலில் கிடைத்த உறுதி எவ்வளவோ, அதைவிட அதிகமாகக் கண்ணுக்குத் தெரிந்த பலம் எடுக்கப்பட்டது. அன்று இரவே, கேட்காமலே இன்னோர் அடையாளமும் தந்தார்: பயமாயிருந்தால் எதிரியின் பாளயத்துக்கு இறங்கிப் போய் அவர்கள் பேசுவதைக் கேள் என்றார். தேற்றுவதும் ஊன்றுகோலைப் பிடுங்குவதும் ஒரே வேலையாக நடக்கின்றன. கடவுளுக்கு அடையாளத்தின்மேல் வெறுப்பில்லை. கிதியோன் அதன்மேல் நிற்கக்கூடாது என்பதுதான்.

சகரியாவையும் மரியாளையும் பக்கத்தில் வைத்து வாசிக்க வேண்டும் (லூக்கா 1). இருவரிடமும் வந்தவர் அதே காபிரியேல். இருவரும் கேள்வி கேட்டார்கள். சகரியா கேட்டது "இதை நான் எதினால் அறிவேன்". செய்தி மெய்யா என்பதற்கு அவருக்கு ஜாமீன் வேண்டியிருந்தது. மரியாள் கேட்டது "இது எப்படியாகும்". ஆகும் என்று ஏற்றுக்கொண்டு வழியைக் கேட்டார். சகரியாவின் வாய் அடைக்கப்பட்டது. மரியாளுக்கு விளக்கமும் கிடைத்தது, சகரியாவின் மனைவி எலிசபெத்துக்கு இது ஆறாம் மாதம் என்ற, கேட்காத அடையாளமும் கிடைத்தது.

எனக்கு இவர்கள் எல்லோரையும்விட முக்கியமானவர் யூதாவின் ராஜா ஆகாஸ். சபைகளில் இவரைப் பற்றிப் பிரசங்கம் கேட்பது அபூர்வம். சீரியாவும் வட இஸ்ரவேலும் சேர்ந்து எருசலேமை முற்றுகையிட வரும் நேரம், கி.மு. 730-களில். ஏசாயா போய், கர்த்தரிடத்தில் ஓர் அடையாளம் கேள், ஆழத்திலோ உன்னதத்திலோ கேள் என்கிறார். ஆகாஸ் சொல்கிறார்: "நான் கேட்கமாட்டேன், நான் கர்த்தரைப் பரீட்சை செய்யமாட்டேன்" (ஏசாயா 7:12). கேட்க எவ்வளவு பக்தியான பதில்! உபாகமம் 6:16-ஐ அப்படியே கைக்கொள்வது போல இருக்கிறது. ஆனால் 2 இராஜாக்கள் 16-ல் நடந்த காரியம் பதிவாகியிருக்கிறது. ஆலயத்திலும் அரண்மனைப் பொக்கிஷத்திலும் இருந்த வெள்ளியையும் பொன்னையும் எடுத்து அசீரியாவின் அரசன் திகிலாத்பிலேசருக்கு அனுப்பி, "நான் உம்முடைய அடியான்" என்று சொல்லியனுப்பினார். அடையாளம் கேட்டு அது கிடைத்துவிட்டால் அசீரியாவை விட வேண்டிவரும். அதனால்தான் கேட்கவில்லை. ஏசாயா கோபப்பட்டார். ஆதாரம் கேளாமல் இருப்பதே அவிசுவாசமாக ஆகும் இடமும் உண்டு. கடவுள் காட்ட வருவதைப் பார்க்க மறுப்பது பக்தி அல்ல.

இன்னொரு பக்கம் பரிசேயர். மாற்கு 8-ல் அவர்கள் வானத்திலிருந்து அடையாளம் கேட்டது எப்போது? ஏழு அப்பங்களால் ஏறக்குறைய நாலாயிரம் பேர் சாப்பிட்டு, மீதி ஏழு கூடை எடுத்த உடனே. இயேசு பெருமூச்சுவிட்டார். எத்தனை ஆதாரம் வந்தாலும் அடுத்ததைக் கேட்கிறவருக்கு ஆதாரம் குறைவதில்லை, மனம்தான் குறைகிறது. மாசாவில் "கர்த்தர் எங்கள் நடுவில் இருக்கிறாரா இல்லையா" என்று கேட்டவர்களும் செங்கடலைக் கடந்து வந்தவர்கள்தான்.

நடந்துகொண்டே நம்பியவர்

இந்தப் பாடத்தை முழுமையாகக் காட்டுபவர் யோவான் 4-ல் வரும் ராஜாவின் மனுஷன், அதாவது அரசு அதிகாரி. மகன் கப்பர்நகூமில் சாகும் நிலையில் கிடக்கிறான். இவர் கானாவுக்கு வந்து, வந்து குணமாக்கும் என்று கேட்கிறார். "நீங்கள் அடையாளங்களையும் அற்புதங்களையும் காணாவிட்டால் விசுவாசிக்கமாட்டீர்கள்" என்று இயேசு கடிந்துகொள்கிறார். பிறகு "நீ போகலாம், உன் குமாரன் பிழைத்திருக்கிறான்" என்கிறார். அவ்வளவுதான். கூட வரவில்லை, அடையாளமும் தரவில்லை. கையில் ஒரு வார்த்தை மட்டும். கானா மேட்டுநிலத்தில் இருந்தது. கப்பர்நகூம் கலிலேயா ஏரிக்கரையில், கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே. இறங்கிப் போக ஒரு நாள் நடை. அந்த நடை முழுக்க அவருக்கு ஆதாரம் எதுவும் இல்லை.

வழியில் வேலைக்காரர் வந்து பிள்ளை பிழைத்தான் என்கிறார்கள். அவர் உடனே கேட்டது: எந்த மணிநேரத்தில் குணம் கண்டது? "நேற்று ஏழாமணி நேரத்தில் ஜுரம் அவனை விட்டது." அன்றைய கணக்கில் ஏழாம் மணி பகல் ஒரு மணி. இயேசு சொன்ன அதே நேரம். நம்பி நடந்தார், பிறகு நேரத்தையும் சரிபார்த்தார். சரிபார்த்ததை யோவான் குறையாக எழுதவில்லை. அவரும் அவர் வீட்டார் அனைவரும் விசுவாசித்தார்கள் என்று முடிக்கிறார். நிபந்தனையாகக் கேட்பது முன்னால் வருவது, நன்றியோடு சரிபார்ப்பது பின்னால் வருவது.

திருச்சபைகளும் இதே வரிசையில்தான் கற்பித்துவந்திருக்கின்றன. சீர்திருத்தச் சபை இறையியலாளர்கள் விசுவாசத்தில் மூன்று பகுதிகளைக் கண்டார்கள்: செய்தியை அறிவது, அது மெய் என்று ஒப்புக்கொள்வது, அந்தச் செய்தி சொல்லும் கிறிஸ்துவின்மேல் சார்ந்துகொள்வது. முதல் பகுதி இல்லாமல் மூன்றாவது இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1870-ல் முதல் வத்திக்கான் சங்கத்தில், வெளிப்படுத்தும் கடவுளின் அதிகாரத்தின்மேல் விசுவாசம் நிற்கிறது என்றது. அறிவைத் தள்ளிவைத்த விசுவாசத்தையும் அதே சங்கம் ஏற்கவில்லை. லூர்து நகரில் குணமானதாகச் சொல்கிறவர்களைப் பரிசோதிக்க 1883 முதல் மருத்துவர் அலுவலகம் இருக்கிறது. நோய் கடுமையானதாகவும் உறுதியாகக் கண்டறியப்பட்டதாகவும் இருக்க வேண்டும். சிகிச்சையால் விளக்க முடியாததாக, திடீரென்று, முழுமையாக, திரும்ப வராமல் குணமாகியிருக்க வேண்டும். மருத்துவர் சொல்வது "இன்றைய மருத்துவத்தால் விளக்க முடியவில்லை" என்பது மட்டுமே. புதுமை, அதாவது அற்புதம், என்று அறிவிப்பது அந்த நபரின் மறைமாவட்ட ஆயர். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட சாட்சிகளில் 2018 வரை ஏற்கப்பட்டவை 70. பக்தியுள்ளவர்கள் போட்ட வடிகட்டி இது.

நம் ஊரிலும் இதைப் பழகிப் பார்க்க ஓர் இடம் இருக்கிறது. தோமா கி.பி. 52-ல் கேரளக் கரைக்கு வந்தார், 72-ல் மயிலாப்பூர்ப் பகுதியில் கொல்லப்பட்டார் என்பது மரபு. சின்னமலை, பரங்கிமலை, சாந்தோம் மூன்றும் அதோடு சேர்ந்தவை. ஆதாரம் என்று எடுத்தால், தோமாவின் இந்தியப் பணியைச் சொல்லும் சிரியாக் நூல் மூன்றாம் நூற்றாண்டினது. அதில் வரும் கொண்டபரஸ் அரசன் வடமேற்கில் ஆண்ட மெய்யான அரசன் என்று நாணயங்கள் காட்டுகின்றன. நான்காம் நூற்றாண்டில் எபிரேம், எதேசாவில் இருந்த தோமாவின் எலும்புகள் இந்தியாவிலிருந்து வந்தவை என்று பாடினார். பரங்கிமலையில் 1547-ல் கிடைத்த சிலுவைக் கல்லில் பகலவி என்ற பழைய பாரசீக எழுத்து இருக்கிறது, ஆனால் அது முதல் நூற்றாண்டினது அல்ல. மரபு பழையது, நடந்திருக்கக் கூடியது, தீர நிரூபிக்கப்படாதது. எந்த விசுவாசப் பிரமாணத்திலும் இது இல்லை. சாந்தோம் கல்லறையில் முழங்கால்படியிடுகிறவர் ஆதாரத்தை மிகைப்படுத்திப் பேச வேண்டிய அவசியமே இல்லை. விசுவாசத்தைக் காப்பாற்றுவதற்காகச் சரித்திரத்தை நீட்டிச் சொல்கிறவர், தன் விசுவாசம் எதன்மேல் நிற்கிறது என்பதைத் தவறான இடத்தில் காட்டுகிறார்.

கெட்டுப்போகும் இடங்கள்

மருந்து. இதுதான் உயிருக்கு ஆபத்தான இடம். மாத்திரையை நிறுத்துவதுதான் விசுவாசத்தின் அடையாளம் என்று ஜெபக்கூட்டத்தில் சொல்லக் கேட்டு நிறுத்திவிடுகிறார்கள். முதல் வகை நீரிழிவுக்காரர் இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளில் இரத்தம் அமிலமாகி மயக்கம் வரும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் அடுக்கடுக்காக வலிப்பு வரலாம். காசநோய்க்கு ஆறு மாதம் சாப்பிட வேண்டியதை இரண்டு மாதத்தில் இருமல் நின்றதும் விட்டால், கிருமி மருந்துக்கு அடங்காததாக ஆகலாம், வீட்டிலுள்ளவர்களுக்கும் அதே வகை தொற்றலாம். இது விசுவாசம் அல்ல, கடவுளைப் பரீட்சை பார்ப்பது. தேவாலய உப்பரிகையிலிருந்து குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று பிசாசு சங்கீதம் 91-ஐக் காட்டியது இதே பாணிதான். எசேக்கியாவுக்கு "உன் நாட்களோடே பதினைந்து வருஷம் கூட்டுவேன்" என்று கடவுளே வாக்குக் கொடுத்தார். அதன் பிறகும் ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லி பிளவையின்மேல் பற்றுப்போட வைத்தார் (2 இராஜாக்கள் 20:7). வாக்குத்தத்தமும் மருந்தும் ஒரே வசனப் பகுதியில் நிற்கின்றன.

அடையாளம் வைத்து முடிவெடுப்பது. "நாளைக்குள் அவர்களிடமிருந்து போன் வந்தால் இந்த வரனை முடித்துவிடுவோம்" என்பது போல. வரன் பேசியவர்கள் போன் செய்வது எப்படியும் நடக்கக் கூடியது, அது எதையும் காட்டாது. வராவிட்டால் இன்னும் இரண்டு நாள் என்று கெடு நீள்கிறது. எல்லாவற்றையும்விட மோசம், சம்பந்தப்பட்ட பெண்ணின் சம்மதத்தின் இடத்தில் அடையாளம் உட்கார்ந்துவிடுகிறது. யூதாசின் இடத்துக்குச் சீட்டுப்போட்டு மத்தியாவைத் தெரிந்தெடுத்தது, பரிசுத்த ஆவி இறங்கிய பெந்தெகொஸ்தே நாளுக்கு முன். அதன் பிறகு அப்போஸ்தலர் 15-ல் எருசலேமில் கூடிப் பேசி, வாதாடி, வேதத்தோடு ஒப்பிட்டு, "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது" என்று எழுதினார்கள். நமக்கு வழி அது.

தீர்க்கதரிசனமும் காணிக்கையும். ஊழியக்காரரிடம் கணக்குக் கேட்பது அவிசுவாசம் என்று சொன்னால் நம்பாதீர்கள். எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைக் கொண்டுபோகப் பவுல் தன்னோடு வேறு சகோதரரையும் சேர்த்துக்கொண்டார், ஒருவரும் குற்றப்படுத்தாதபடிக்கு, கர்த்தருக்கு முன்பாக மட்டுமல்ல மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாயிருக்கும்படிக்கு என்கிறார் (2 கொரிந்தியர் 8:20-21). அப்போஸ்தலருக்கே வேண்டியிருந்த கணக்குச் சாட்சி. சொன்னது நடக்காவிட்டால் அது கர்த்தர் சொன்னது அல்ல என்கிறது உபாகமம் 18. உபாகமம் 13 இன்னும் கடுமை: அடையாளம் அப்படியே நடந்தாலும், அது உன்னை வேறு தேவர்களிடம் இழுத்தால் கேளாதே. பலித்தது என்பது மட்டும் போதாது.

கடைசியாக, சபையில் சந்தேகத்தோடு உட்கார்ந்திருக்கிறவர்கள். மேலே சொன்ன மூன்று பகுதிகள் இங்கே நேரடியாகப் பயன்படும். கேள்வி எந்தப் பகுதியில் இருக்கிறது என்று முதலில் கேட்டறிய வேண்டும். சுவிசேஷங்கள் எப்போது எழுதப்பட்டன, கையெழுத்துப் பிரதிகள் என்ன என்று கேட்பவருக்குத் தகவல் தேவை, ஜெபம் பண்ணு என்று அனுப்பினால் அவர் பதில் இல்லை என்று முடிவுகட்டுவார். தெரிந்துகொண்டும் மெய்யென்று ஒப்ப முடியாதவரோடு நிதானமாக வாதிட வேண்டும். பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு "அவர் இருக்கிறாரா" என்று கேட்பவர் மூன்றாம் பகுதியில் நிற்கிறார். அவரிடம் புத்தகத்தை நீட்டக்கூடாது, கூட இருக்க வேண்டும். "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று, நோயுற்ற மகனை இயேசுவிடம் கொண்டுவந்த தகப்பன் சொன்ன ஜெபத்தை (மாற்கு 9:24) அவரோடு சேர்ந்து சொல்லலாம். அந்தத் தகப்பனின் மகன் அந்த அரைகுறை விசுவாசத்தின்மேல்தான் சுகமானான்.

தோமா "விசுவாசிக்கமாட்டேன்" என்று சொன்ன பிறகும் மற்றவர்கள் அவரை வெளியே அனுப்பவில்லை, அவரும் போய்விடவில்லை. அடுத்த ஞாயிறு அதே அறையில், அதே ஆட்களோடு இருந்தார். சந்தேகம் சொன்ன வாலிபனைப் பாடகர் குழுவிலிருந்தோ ஐக்கியக் கூட்டத்திலிருந்தோ நீக்குகிற போதகர் இந்த வாரத்தைத்தான் அவனிடமிருந்து எடுத்துவிடுகிறார். கேள்விக்கு உடனே பதில் தெரியாவிட்டால் தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்று ஒரு நாளைக் குறிக்கலாம். குறித்த நாளில் கட்டாயம் போய்ச் சொல்ல வேண்டும்.